பூனைக்குப் பின்னால் இருக்கும் வீட்டை அழிக்காதீர்கள்



"சேர், எங்கட பூனைய வடிவா போட்டோ எடுக்க 85 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கட்டா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். இரவில் பிளாஷ் போட்டு எடுத்த படம். பூனையின் கண்கள் இரண்டும் டோர்ச் லைட் மாதிரி பச்சையாக எரிந்தன. அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம். பூனையின் கண்ணுக்குள் பின்பக்கமாகக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. பிளாஷ் அதில் பட்டுத் திரும்புவதால்தான் கண் அப்படி எரிகிறது. எனவே பிளாஷை நிறுத்துங்கள். நமக்குக் கிழக்கே கடல். காலை வெயில் நேரே வீட்டுக்குள் வரும். வாசலுக்குச் சற்று உள்ளே, வெயில் நேரடியாக விழாத இடத்தில் பூனை இருக்கட்டும். கடும் வெயிலில் அதன் கண்மணி கோடாகச் சுருங்கும். நிழல் வெளிச்சத்தில் வட்டமாக விரியும். டியூப் லைட்டை அணையுங்கள், நிறம் கலந்துவிடும். முகத்தின் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைச் சாரத்தை விரித்துப் பிடித்தால் போதும்.

அடுத்து, நாம் நிற்கும் இடம். நின்றுகொண்டு எடுத்தால் பூனையின் முதுகுதான் வரும். அமெரிக்காவின் வால்டர் சண்டோஹா 1949இல் பனியில் நடுங்கிய ஒரு குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தவர். பிறகு பூனைப் படங்களாலேயே உலகம் அவரை அறிந்தது. அவரே தரையில் படுத்துத்தான் எடுத்தார். நமக்கு மட்டும் என்ன வெட்கம்?

இனி லென்ஸ். 85 நல்லதுதான். தள்ளி நின்று எடுக்கலாம், மூக்குப் பெருத்துத் தெரியாது. ஆனால் நமது அறைகளில் பின்னால் போகச் சுவர் விடாது. சிறிய சென்சர் உள்ள சாதாரண கெமராவுக்குப் பாவித்த 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். 1.8இல் கிட்ட நின்று எடுத்தால் கண் தெளிந்து மூக்கு மங்கிவிடும், 2.8இல் வையுங்கள். வேகம் 1/250 செக்கனுக்குக் குறையாமல் இருந்தால் அசைவு தெரியாது.

இவ்வளவும் கைப்பழக்கம். நாங்கள் சொல்ல வந்தது வேறு.

இந்த லென்ஸ்களை எல்லோரும் புகழ்வது, அவை பின்னணியைக் கரைத்துவிடுகின்றன என்பதற்காக. போனில் உள்ள போர்ட்ரெய்ட் முறையும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. சில நேரம் பூனையின் மீசையையும் சேர்த்து அழித்துவிடுகிறது. பின்னணியைக் கரைக்க நமக்கு மனம் வரலாமா?

2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மனிதர்களோடு அல்பங்களும் போயின. எங்கள் வீட்டு அல்பமும் போனது. பிறகு, சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டு லாச்சிக்குள் ஒரே ஒரு படம் கிடைத்தது. ஒரு பெருநாளில் உம்மம்மாவின் பூனையை யாரோ எடுத்த படம். பூனை அசைந்து மங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் பழைய வீட்டின் நீலக் கதவு, சுருட்டி வைத்த பாய், கதவைப் பிடித்தபடி உம்மம்மாவின் கை.

அந்த வீடு இருந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே படம் அதுதான். நல்ல லென்ஸால் எடுத்திருந்தால் கதவும் கையும் வெறும் நீலப் புகையாகப் போயிருக்கும்.

ஆகவே இரண்டு படம் எடுங்கள். ஒன்று 2.8இல், பூனைக்காக. மற்றது பூனை தூங்கும்போது எஃப் 8இல், வீட்டுக்காக. பாயும் செருப்பும் சுவர்க் கலண்டரும் அதில் இருக்கட்டும். ஒழுங்குபடுத்த வேண்டாம். இரண்டையும் பிரின்ட் எடுங்கள். ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரமான ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

அந்த மாணவருக்கும் இதையே சொன்னோம்: லென்ஸ் பிறகு வாங்கலாம். நாளைக்குக் காலையில் முதலில் கதவைத் திறந்து வையுங்கள்.