சட்டையில் ஒரு குட்டிப் பிசாசு

அண்மையில் காலை நிகழ்ச்சியில் ஒரு புதிர் போட்டேன். "இரண்டாம் உலகப் போரில், அமெரிக்கப் படைப்பிரிவுகளின் சின்னங்களில் அதிகமாக இடம்பிடித்த டிஸ்னி பாத்திரம் எது?" அழைத்தவர்களில் பலர் மிக்கி மவுஸ் என்றார்கள். விடை டொனால்ட் டக்.

யோசித்தால் நியாயம்தான். மிக்கி நல்ல பிள்ளை. சண்டைக்குப் போகிறவர்களுக்கு, தொட்டதற்கெல்லாம் கோபப்படும் வாத்துதானே பொருத்தம்?

"எங்கள் பிரிவுக்கு ஒரு சின்னம் வேண்டும்" என்று வீரர்கள் டிஸ்னிக்குக் கடிதம் போடுவார்கள். ஹேங்க் போர்ட்டர் என்ற ஓவியரின் தலைமையில் ஒரு சிறு குழு வரைந்து அனுப்பும். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,200 சின்னங்கள் வரைந்துவிட்டார்கள். அவற்றில் 200க்கும் மேல் டொனால்டுக்கே.

அந்தப் பட்டியலில் எனக்கு மறக்க முடியாதவள் ஃபிஃபினெல்லா.

விமானம் காரணமே இல்லாமல் மக்கர் செய்தால், அது 'கிரெம்லின்' என்ற குட்டிப் பிசாசின் வேலை என்று பிரிட்டிஷ் விமானிகள் சொல்வார்களாம். அவர்களில் ஒருவரான ரோல்ட் டால் அதை ஒரு கதையாக எழுதினார். டிஸ்னி படமெடுக்க நினைத்துக் கைவிட்டது. 1943இல் புத்தகம் மட்டும் வந்தது. அந்தக் கதையில் பெண் கிரெம்லின்களின் பெயர்தான் ஃபிஃபினெல்லா.

அதே காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய 'வாஸ்ப்' பெண்கள் அவளைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். இறக்கை முளைத்து, விமானிக் கண்ணாடி மாட்டிய அந்தக் குட்டிப் பெண்ணை ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலையிலிருந்து புது விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். பீரங்கி வீரர்கள் நிஜக் குண்டுகளால் சுட்டுப் பழக, வானில் இலக்கை இழுத்துக்கொண்டு பறந்ததும் இவர்கள்தான்.

பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர். இந்தப் பணியில் உயிரிழந்தவர்கள் 38 பேர். ஆனால் அரசாங்கக் கணக்கில் இவர்கள் ராணுவத்தினர் அல்லர், சிவிலியன் ஊழியர்கள். அதனால் இறந்தவரின் சவப்பெட்டிக்கு தேசியக் கொடி மரியாதை கிடையாது. உடலை ஊருக்கு அனுப்ப, கூட இருந்த பெண்களே காசு திரட்டியதும் உண்டு. 1944 டிசம்பரில் அமைப்பையே கலைத்துவிட்டார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி சட்டப்படி 1977இல்தான் வந்தது.

கேட்டதும் சின்னம் கிடைத்துவிட்டது. அந்தஸ்து கிடைக்க 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே லோகோ போட்ட டி-சட்டை வந்துவிடுகிறது. கழுத்தில் அடையாள அட்டையும் தொங்குகிறது. இ.பி.எஃப், சொக்சோ பற்றிக் கேட்டால், "நீங்கள் கான்ட்ரக்ட்தானே" என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், சட்டை அழகாக இருக்கிறது என்று பாராட்டுங்கள். கையோடு, வேலைக் கடிதத்தையும் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.