சிங்கம் குரைத்தது, சிரித்தீர்களா?

ஒரு குட்டிச் செய்தி சொல்கிறேன். சிரிக்காமல் படிக்க முடிகிறதா, பாருங்கள்.

2013 ஆகஸ்ட். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லுவோஹே என்று ஓர் ஊர். அங்கே ஒரு மிருகக்காட்சி சாலை. ஓர் அம்மா தன் மகனை அழைத்துக்கொண்டு போகிறார். எந்த மிருகம் எப்படிக் கத்தும் என்று பையனுக்குக் காட்ட வேண்டும். 'ஆப்பிரிக்கச் சிங்கம்' என்று பலகை மாட்டிய கூண்டுக்கு முன்னால் இருவரும் நிற்கிறார்கள். சிங்கம் வாயைத் திறக்கிறது.

லொள்!

உள்ளே இருந்தது திபெத்திய மாஸ்டிஃப் நாய். கழுத்தைச் சுற்றி அடர்த்தியாக முடி இருக்கும், தூரத்தில் பார்த்தால் பிடரி மாதிரி தெரியும். தேடிப் பார்த்தால் சிறுத்தைக் கூண்டில் ஒரு நரி. நிர்வாகத்தைக் கேட்டதற்கு, 'சிங்கத்தை இனப்பெருக்கத்துக்கு அனுப்பியிருக்கிறோம். நாய் எங்கள் ஊழியருடையது, தற்காலிக ஏற்பாடு' என்று பதில் வந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். உலகமே சிரித்தது. ஆனால் இதை உலகத்துக்கு எடுத்துக் கொடுத்து, கூடவே கண்ணடித்தும் காட்டிய ஒரு கூட்டம் உண்டு. சீனாவிலேயே குடியிருந்த வெளிநாட்டுக்காரர்கள். அவர்களோடுதான் எனக்கு இந்த வாரம் சண்டை.

2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தது. அதற்குப் பிறகு பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். கம்பெனி அதிகாரிகள், இங்கிலீஷ் வாத்தியார்கள், சீன மொழி படிக்க வந்த பிள்ளைகள். உள்ளூர்க்காரர்கள் இவர்களைக் கூப்பிடும் பெயர் 'லாவ்வாய்'. பெய்ஜிங்கின் சான்லிதுன் மாதிரி பார்கள் வரிசைகட்டிய தெருக்களில் சாயங்காலம் கூடுவார்கள். பியருக்குத் தொட்டுக்கொள்ள உள்ளூர்ப் பத்திரிகையின் விசித்திரச் செய்திகள். அவர்களுக்காகவே நடந்த ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அதே சரக்குதான், கிண்டல் தலைப்போடு. எல்லா ஜோக்கும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் முடியும்: 'திஸ் இஸ் சைனா!' தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மக்கை வரவழைப்பார்கள்.

அந்த மூன்று வார்த்தைதான் எனக்கு எரிச்சல். பார்ப்பதற்கு விளக்கம் மாதிரி இருக்கும். உண்மையில், விளக்கம் தேட சோம்பல்பட்டவன் போடும் பூட்டு அது.

நான் படித்தது பி.காம். அதில் கற்ற முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒரு பக்கம் டெபிட் இருந்தால் இன்னொரு பக்கம் கிரெடிட் இருந்தே தீர வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று சிரிப்பவனை எந்த ஆடிட்டரும் ஆபீஸுக்குள் விட மாட்டார். விசித்திரச் செய்தி என்பது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கத்தைப் புரட்டிப் பார்ப்போமா?

2013 மார்ச். ஷாங்காயின் ஹுவாங்பு ஆற்றில் செத்த பன்றிகள் மிதந்து வந்தன. பத்து, இருபது இல்லை. அந்த ஆற்றிலும் அதற்குத் தண்ணீர் தரும் கால்வாய்களிலும் சேர்த்து 16,000-க்கும் மேல். அப்போது ஷாங்காய்க்காரர்கள் குடித்த தண்ணீரில் ஒரு பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் வந்தது. குழாயைத் திறந்தால் பன்றி சூப் என்று ஊரெல்லாம் ஜோக். லாவ்வாய் மேஜைகளில் கேட்கவே வேண்டாம்.

சரி, மறுபக்கம் என்ன? பன்றிகளின் காதில் மாட்டியிருந்த வில்லையை வைத்து, அவை மேலே ஜியாஷிங் பகுதிப் பண்ணைகளிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தார்கள். பண்ணை என்றால் நோயில் சாகும் குட்டிகள் எப்போதும் இருக்கும். முந்தைய வருஷங்களில் அவை ஏன் ஆற்றில் மிதக்கவில்லை? ஏனென்றால் செத்த பன்றிக்கும் ஒரு விலை இருந்தது. வாங்கிப்போய் அறுத்துக் கறியாக விற்க ஒரு கும்பல் இருந்தது. 2012 நவம்பரில் ஜியாஷிங் நீதிமன்றம் அந்தக் கும்பலில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கள்ளச் சந்தை படுத்துவிட்டது. நேற்றுவரை காசாக இருந்த பிணம் இன்றைக்குச் செலவு. புதைக்க இடம் வேண்டும், கூலி வேண்டும். ஆறு இலவசம்.

இப்போது யோசியுங்கள். பன்றிகள் மிதந்த வருஷம் மோசமானதா, மிதக்காத வருஷங்கள் மோசமானவையா? மிதக்காத பன்றிகள் தட்டில் அல்லவா இருந்தன! இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் சீனப் பத்திரிகைகள்தான். சிரித்து முடித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அதே 2013 மார்ச்சில் இன்னொரு வேடிக்கை. ஹாங்காங்கிலிருந்து சீனாவுக்குள் போகும் ஒருவர் இரண்டு டப்பாவுக்கு மேல், அதாவது 1.8 கிலோவுக்கு மேல், குழந்தைகளின் பால் பவுடர் எடுத்துப்போனால் குற்றம் என்று சட்டம் வந்தது. மீறினால் 5 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. பெட்டியைத் திறந்தால் தங்கம் இல்லை, போதைப்பொருள் இல்லை, பால் பவுடர்! எத்தனை ஜோக் அடித்திருப்பார்கள்?

இதற்கு மறுபக்கம் ஐந்து வருஷம் பின்னால் இருக்கிறது.

பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். புரதச் சோதனை என்பது நைட்ரஜனை அளப்பதுதான். மெலமைனில் நைட்ரஜன் அதிகம். நாம் சாப்பிடுகிற மெலமைன் தட்டு இருக்கிறதே, அதைச் செய்கிற சரக்கு. அதைக் கொஞ்சம் கலந்தால் தண்ணீர்ப் பாலும் சோதனையில் கெட்டிப் பாலாகிவிடும். 2008-ல் ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகளுக்கு உடம்பு கெட்டது. பால் குடிக்கிற குழந்தைக்குச் சிறுநீரகத்தில் கல் சார், கல்! அரசாங்கக் கணக்குப்படியே ஆறு குழந்தைகள் இறந்தன. சான்லூ என்ற பெரிய கம்பெனிக்குப் புகார்கள் 2007 டிசம்பரிலேயே வர ஆரம்பித்துவிட்டன. ஆனால் 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக்ஸ். வீட்டில் விசேஷம், வாயை மூடு என்பதுபோல எல்லாம் அமுங்கிக் கிடந்தது. அதன் பிறகும் பத்திரிகைகள் 'ஒரு கம்பெனியின் பால் பவுடர்' என்று மென்று முழுங்கித்தான் எழுதின. செப்டம்பர் 11-ம் தேதி ஷாங்காய்ப் பத்திரிகை ஒன்று துணிந்து சான்லூ என்று பெயரைப் போட்டது. அன்றைக்கு ராத்திரியே கம்பெனி சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒரு பெயரை அச்சடிப்பதற்கு அவ்வளவு வலிமை இருந்தது.

தன் குழந்தைக்குக் கல் வந்த தகப்பன் ஒருவர், மற்ற பெற்றோரைத் திரட்டி நியாயம் கேட்டார். 2010 நவம்பரில் அவருக்கு இரண்டரை வருஷச் சிறை. பொது ஒழுங்கைக் கெடுத்தாராம்!

இவ்வளவையும் பார்த்த ஒரு தாய், ஹாங்காங்குக்கு ரயிலேறிப் போய் மூன்றாவது டப்பாவைத் துணிக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தால், அது ஜோக்கா? 'திஸ் இஸ் சைனா' என்று தோளைக் குலுக்குவீர்களா?

இந்த இடத்தில் லாவ்வாய் தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். 'சார், நாங்கள் எதையும் கற்பனை செய்யவில்லை. அவர்கள் பத்திரிகையில் வந்ததுதானே? சீனாக்காரர்களே இதைவிட அதிகமாகச் சிரிக்கிறார்களே!'

நல்ல வாதம். பாதி உண்மையும்கூட. 'பன்றி சூப்' ஜோக்கை முதலில் அடித்ததே உள்ளூர்க்காரர்கள்தான். ஆனால் அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கவனியுங்கள்.

2009 பிப்ரவரி. யுன்னான் மாகாணத்தில் ஜின்னிங் என்ற ஊரில், காவலில் இருந்த 24 வயது இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். மற்ற கைதிகளோடு கண்ணாமூச்சி விளையாடினார், கண்ணைக் கட்டியிருந்ததால் சுவரில் மோதிக்கொண்டார் என்றது போலீஸ். தேசமே கைகொட்டிச் சிரித்தது. கண்ணாமூச்சி என்ற சொல்லே அரசாங்கப் பொய்க்கு மறுபெயராகிவிட்டது. சிரிப்பு அடங்கவில்லை. அரசாங்கத்தால் தாங்க முடியவில்லை. மறுபடி விசாரித்தார்கள். சக கைதிகள் அடித்துக் கொன்றது வெளியே வந்தது.

2012 ஆகஸ்ட். ஷான்ஷி மாகாணத்தில் பஸ் விபத்து, 36 பேர் சாவு. பார்வையிட வந்த தொழில் பாதுகாப்புத் துறை அதிகாரி யாங் டாசாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நிற்கிறார். படம் வெளியானது. மக்களின் பார்வை முகத்திலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. பழைய படங்களையெல்லாம் தோண்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாட்ச், எல்லாமே விலை உசத்தி. 'வாட்ச் அண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு கல்லூரி மாணவர், 'இவருடைய சம்பளம் எவ்வளவு, சொல்லுங்கள்' என்று மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். ஆனால் 2013 செப்டம்பர் 5-ம் தேதி வாட்ச் அண்ணனுக்கு 14 வருஷம் சிறை.

இதுவும் சிரிப்புதான். ஆனால் கீழே இருந்து மேலே பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதில் கேள்வி இருந்தது. பார் மேஜைச் சிரிப்பு மேலே இருந்து கீழே பார்ப்பது. ஏமாற்றியவனையும் ஏமாந்தவனையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, மேலே 'சீனா' என்று எழுதிவிடுகிறது. சிங்கக் கூண்டுக்கு முன்னால் ஏமாந்து நின்ற அம்மாவும் சீனாதான், ஏமாற்றிய நிர்வாகமும் சீனாதான். அப்புறம் யாரைக் கேள்வி கேட்பது?

விலையிலும் வித்தியாசம் உண்டு. வாட்ச் அண்ணனுக்குத் தீர்ப்பு வந்த நான்கே நாளில், செப்டம்பர் 9-ம் தேதி, சீனாவில் புது விதி வந்தது. அவதூறான வதந்தி என்று கருதப்படும் ஒரு பதிவை 5,000 பேர் பார்த்தாலோ, 500 தடவை அது பகிரப்பட்டாலோ, எழுதியவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. அதே மாசம் கான்சு மாகாணத்தில் 16 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஒரு சாவைப் பற்றிப் போலீஸ் சொன்னதை அவன் நம்பவில்லை, எழுதிவிட்டான். ஊர் கொதித்த பிறகுதான் விட்டார்கள்.

லாவ்வாயின் பாக்கெட்டில் பாஸ்போர்ட் இருக்கிறது. ஜோக் கசந்தால் அடுத்த விமானம். பால் சரியில்லை என்றால் இறக்குமதிக் கடை. அந்தப் பையனுக்கு எந்த விமானம்?

நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். இல்லைதான். 2017-ல் 'சீனா பிளாஸ்டிக் அரிசி, பிளாஸ்டிக் முட்டை' என்று நம்மூரில் எத்தனை பேர் செல்போனில் தட்டிவிட்டார்கள்! நிஜ அரிசியைவிட பிளாஸ்டிக் விலை அதிகமாயிற்றே, எந்த மடையன் நஷ்டத்துக்குக் கலப்படம் செய்வான் என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தோமா? சீனா என்றால் எதுவும் நடக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையை உலகத்துக்கு ஊட்டி வளர்த்ததில் அந்தப் பார் மேஜைகளுக்கும் பங்கு உண்டு.

கடைசியாக ஒரு நாய்க் கதை. நாயில் ஆரம்பித்ததை நாயிலேயே முடிக்கிறேன்.

2023 மே. பெய்ஜிங்கில் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர், தான் எடுத்து வளர்த்த இரண்டு தெருநாய்கள் அணிலைத் துரத்திய அழகைச் சொல்லிவிட்டு, அதைச் சீன ராணுவத்தைப் புகழும் பிரபலமான ஒரு வாசகத்தோடு முடிச்சுப் போட்டார். அரங்கம் சிரித்தது. அவ்வளவுதான். ராணுவத்தை அவமதித்துவிட்டார் என்று அவருக்கு வேலை போனது, அவர் மீது போலீஸ் விசாரணை வந்தது. அவருடைய கம்பெனிக்கு 1.3 கோடி யுவானுக்கு மேல் அபராதம். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 15 கோடி ரூபாயை ஒட்டி வந்தது.

கணக்கை நீங்களே நேர் செய்துகொள்ளுங்கள். சீனாவின் நாயைப் பார்த்து வெளியூர்க்காரன் சிரித்தால் செலவு ஒரு மக் பியர். உள்ளூர்க்காரன் நாய் ஜோக் சொன்னால் 1.3 கோடி.

சிரிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சிங்கம் குரைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்தக் கூண்டுக்கு முன்னால் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை, அந்த அம்மா. 'காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்' என்று புகார் சொன்னார். அவர் வாய் திறந்ததால்தான் நமக்குச் சிரிக்க ஒரு செய்தியே கிடைத்தது.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி கைக்கு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

பில் யார் கட்டினார்கள்?