குருதியா குற்றவாளி?

"பரம்பரை நோய்! பெற்றோர் தந்தது! குருதியில் கலந்து வந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?" புற்றுநோய் என்ற சொல் காதில் விழும் இடமெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே விழுகிறது. முன்பு 'தலையெழுத்து' என்றார்கள். அப்படிச் சொல்ல நாணம் வந்ததும் அதற்கே மரபணு என்ற புத்தாடையை உடுத்திவிட்டார்கள். ஆடை புதிது; ஆள் பழைய ஆள்தான்! மரபணு பொய்யன்று, அறிவியல் கண்டெடுத்த அரிய உண்மை. அந்த உண்மையைப் பிடித்திழுத்து வந்து விதியின் வீட்டுக்கு வாயிற்காவலனாக நிறுத்துகிறார்களே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

ஒரு நோயை எடுத்துக்கொண்டே வழக்காடுவோம். பித்தநாளப் புற்றுநோய். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு சேர்க்கும் மெல்லிய குழாய்களில் முளைக்கும் நோய் அது. தொடக்கத்தில் வலியில்லை, அடையாளமில்லை. கண் மஞ்சளாகி, உடல் அரித்து, மருத்துவரைத் தேடி ஓடும்போது பெரும்பாலோர்க்கு அறுவைக்குரிய காலம் கடந்துபோயிருக்கும். மேலை நாடுகளில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஓரிருவரைப் பிடிப்பதே அரிது. தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் என்னும் பகுதியில், கோன் கேன் மாகாணத்தில், 1990களின் கணக்கு இலட்சம் ஆண்களில் 80க்கும் மேல்! உலகில் வேறெங்கும் இந்த உயரம் இல்லை.

ஏன்? ஈசான் மக்களின் குருதி கறைபட்ட குருதியா? விதி அவர்கள் மீது மட்டும் தனிக் கோபம் கொண்டதா?

காரணம் அவர்களுடைய உணவுத் தட்டில் இருக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் பிடித்த சிறு மீனைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் தழைகளும் சேர்த்துப் பிசைந்து உண்பர். 'கோய் பிளா' என்பது அதன் பெயர். உழைத்துக் களைத்த உழவன் வயலோரத்தில் அமர்ந்து தோழரோடு பகிர்ந்துண்ணும் உணவு. ஏழைக்குக் கைக்கெட்டிய சுவை. அந்த மீனின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு உறங்குகிறது. எலுமிச்சையின் புளிப்பு அதைக் கொல்லாது, மிளகாயின் காரமும் கொல்லாது; தீ கொல்லும். உண்டவன் உடலில் அது பித்தநாளத்தைத் தேடிக் குடியேறி, தட்டையான கல்லீரல் புழுவாகி, பத்தாண்டுக்கும் மேல் வாழ்கிறது. அதன் முட்டை மலத்தோடு வெளியேறி நீரை அடைகிறது; அங்கே நத்தைக்குள், நத்தையிலிருந்து மீனுக்குள், மீனிலிருந்து மீண்டும் மனிதனுக்குள்! கழிப்பறை இல்லாத ஊர் இந்தச் சக்கரத்துக்கு அச்சாணி. புழு குடைந்த நாளம் ஆண்டுக்கணக்கில் புண்ணாகி, ஆறி, மீண்டும் புண்ணாகும்போது அந்தப் புண்ணில்தான் புற்று முளைக்கிறது. 1994இலேயே உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வரிசையில் சேர்த்துவிட்டது.

கோன் கேன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் நாரோங் குந்திகியோவின் தந்தையும் தாயும் இந்நோய்க்கே பலியானவர்கள். பரம்பரை பேசுவோர் இந்த இடத்தில் துள்ளி எழுவர்: "பார்த்தீரா, ஒரே குடும்பம்!" ஆம், ஒரே குடும்பம்தான். ஆனால் கணவனும் மனைவியும் ஒரு குருதியா? அவர்களை இணைத்தது ஒரே கருவறை அன்று, ஒரே அடுக்களை! அவர்கள் மகன் விதியை நொந்துகொண்டு வீட்டில் முடங்கவில்லை. மீயொலிக் கருவியோடு ஊர் ஊராகச் சென்று, பச்சை மீனை விடுங்கள் என்று உழவர்களிடம் மன்றாடினார்.

"புழு உள்ள எல்லோருக்குமா புற்று வருகிறது?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. வருவதில்லை, பெரும்பாலோர்க்கு வருவதில்லை. ஒரே தட்டில் உண்ட அண்ணன் தம்பியருள் ஒருவன் பிழைக்கிறான், ஒருவன் மாய்கிறான். பிறவியில் வந்த வேறுபாடு பேசுவது இங்கேதான். நச்சுப்பொருளைக் கட்டி வெளியேற்றும் நொதிகள் நம் உடலில் உண்டு. அவற்றுள் ஒன்றை ஆக்கும் மரபணு 'ஜி.எஸ்.டி.எம்.1'. சிலருக்குப் பிறவியிலேயே அது இல்லை. சிலர் என்றோமே, திருத்திச் சொல்வதானால், உலகின் பல மக்களினங்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்! உலகில் பாதிப்பேருக்குப் பித்தநாளப் புற்று வந்துவிட்டதா?

ஈசானின் நக்கோன் பனோம் மாகாணத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு இதனை அளந்து பார்த்தது. புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் குருதியில் மிகுந்திருந்தோர்க்கு நோய் வாய்ப்பு இருபது மடங்குக்கும் மேல். மரபணு இன்மையைத் தனியே எடுத்துப் பார்த்தபோதோ தொடர்பே தென்படவில்லை. புழு இருந்த உடலில்தான் அந்த இன்மை சேர்ந்து, வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரிந்தது. பட்டப்படிப்பில் நாம் பயின்றது இலக்கியமே, மருத்துவமன்று. ஆயினும் காரணம் எது, துணைக்காரணம் எது என்று பிரித்தறிய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. கதவில் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது உண்மை. அதற்காகத் திருடனை விட்டுவிட்டுத் தச்சனைச் சிறையிலிடுவார் உண்டோ?

சப்பானின் ஒசாக்கா நகரில் ஓர் அச்சகம். 2013இல் வெளியான ஆய்வறிக்கை அங்கு வேலை பார்த்த 11 ஆண்களுக்கு இதே புற்று வந்ததாகக் கூறுகிறது. வயது 25 முதல் 45 வரை. முதியோரைத் தேடும் நோய் இளைஞரை வாரிச் சுருட்டியது. அவர்கள் உறவினரா? இல்லை. மை துடைக்கப் பயன்பட்ட கரைப்பானின் ஆவியைக் காற்றோட்டமற்ற அறையில் நாள்தோறும் சுவாசித்தவர்கள். அந்தக் கரைப்பானாகிய டைகுளோரோபுரோப்பேனும் 2014இல் அதே முதல் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. 'பரம்பரை' என்ற பேச்சு எவருக்கு வசதி என்பதைத் தொழிலாளத் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "புற்றுக்கட்டியில் மரபணு மாற்றம் கண்டார்கள்" என்று செய்தி வந்தாலே, பிறவியில் வந்த மாற்றம் என்று கொள்கிறார்கள். கட்டியில் காணும் மாற்றங்களில் பெரும்பான்மை வாழ்நாளில் விளைந்தவை. பெற்றோர் தந்தவை அல்ல, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. 10 நாடுகளின் 489 பித்தநாளப் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். புழுவால் வந்த கட்டியின் மாற்றங்கள் ஒரு வகை, புழுவின்றி வந்த கட்டியின் மாற்றங்கள் வேறு வகை! எழுத்து இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அதை எழுதியது பிரமன் அல்லன், புழு.

எதிர்ப்பக்கத்து மடமையையும் விட்டுவைப்பதற்கில்லை. "பிறப்பால் ஒன்றும் இல்லை" என்று மரபணுவையே மறுப்போர் சிலர். பகுத்தறிவின் பெயரால் வேறு மறுக்கிறார்கள்! மரபணுவின் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் பொறுப்புடைய மரபணுவே பிறவியில் பழுதுபட்ட குடும்பங்கள் உண்டு. லிஞ்சு நோய்க்குறி என்பர். குடலிலும் கருப்பையிலும், சில வேளை பித்தநாளத்திலும் அவர்களுக்குப் புற்று வருகிறது. சப்பானில் ஓர் இலட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு, மார்பகப் புற்றோடு பேர்பெற்ற 'பி.ஆர்.சி.ஏ.1' மரபணுவின் பிறவிப் பழுது, பித்தவழிப் புற்றின் வாய்ப்பையும் ஏறத்தாழ 17 மடங்கு கூட்டுவதாகச் சொல்கிறது. அத்தகையோர் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்கு அது உயிர்ச்செய்தி! திருத்தும் திறன் இழந்த புற்று, எந்த உறுப்பில் இருப்பினும், பிற மருத்துவம் பயனளிக்காதபோது தருவதற்கென்று பெம்புரோலிசுமாப் என்னும் மருந்துக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. சோதித்தால்தானே யாருக்கு அது பொருந்தும் என்று தெரியும்? பிறவிப் பழுது தெரிந்தால் உடன்பிறந்தாரையும் முன்கூட்டியே சோதிக்கலாம். விதி என்று கை கழுவியவனும், வீண் என்று கை உதறியவனும் நோயாளியை ஒரே குழியில்தான் தள்ளுகிறார்கள்.

கோன் கேனுக்கு அருகில் லாவா என்றோர் ஏரி. கரையூர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உடலில் புழு இருந்தது. பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுத்தார்கள். அது மட்டும் போதாது, மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி கோய் பிளாவுக்குக் கை நீட்டும் துணிச்சல்காரர்கள் எங்கும் உண்டு. வீடு வீடாகப் பேசினார்கள். பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கு இதைப் படிக்கையில் சிறிது செருக்கு வந்ததை மறைக்கவில்லை. மனிதரிடம் இருந்த தொற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. சில மீன் இனங்களில் நூற்றுக்கு 70 வரை புழுக்குஞ்சு சுமந்திருந்தன. அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இத்தனைக்கும் அந்தக் கரையில் எவருடைய மரபணுவையும் எவரும் மாற்றவில்லை. ஈசானில் ஏரிகள் இன்னும் பல. லாவாவில் நடந்த பணி எல்லாக் கரைகளிலும் நடந்துவிடவில்லை. அங்கெல்லாம் விருந்துக்கு இன்றும் கோய் பிளா பிசைகிறார்கள்.