ஐந்து பாகமும் யாருக்கு?

2022லும் 2023லும் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வந்தபோது, ஐந்து பாகங்களையும் வாங்கியவர்கள், பரிசாகப் பெற்றவர்கள் நம்மில் உண்டு. முதல் பாகத்தைத் தாண்டினீர்களா?

தாண்டாவிட்டால் கவலை வேண்டாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த கதை அது. வாராவாரம் காத்திருந்து படித்ததை நாம் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். தினம் ஓர் அத்தியாயம் போதும்.

புத்தகம் வாங்கும்போது அதன் புகழைவிடப் படிக்கப்போகிறவரின் நேரத்தையும் ரசனையையும் பாருங்கள். வேலைக்குப் போகும் தங்கைக்கு எம்ஆர்டி பயணத்தில் படிக்கச் சிறுகதை பொருந்தும். நம் ஊர் எழுத்தாளர் லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ 2008ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற தொகுப்பு. கதையே பிடிக்காத அப்பாவுக்கு, தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’. உப்பு, பல்லாங்குழி என்று நமக்குப் பழகியவற்றை வைத்தே பண்பாட்டு வரலாறு சொல்லும் சின்னச் சின்னக் கட்டுரைகள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு? அவரையே எடுக்கவிடுங்கள். தமிழ்ப் புத்தகம் என்றாலே பாடநூல் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

வானொலியில் எதையும் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்போம். தேக்காவில் காசு கொடுக்குமுன் நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்து, இரண்டு பக்கம் அப்படிப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தை அவராகவே புரட்டினால், தயங்காமல் வாங்குங்கள்.