ஹெஜ்ஜுஜ்ஜியின் சொந்த ஊர்

தில்லி நிஜாமுதீன் தர்காவில் வியாழக்கிழமை மாலை பாட்டு கேட்க டிக்கெட் கிடையாது. செருப்பை ஒப்படைத்துவிட்டு, ரோஜா இதழ்க் கடைகளைத் தாண்டிப் போய், முற்றத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். 2018 செப்டம்பரில் ஒரு மாமியை அழைத்துப் போயிருந்தேன். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் குழந்தைகளுக்கு முப்பது வருடங்களாகப் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். சமாதி அறைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை என்று தெரிந்ததும், "இங்கேயுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூணோரம் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் 'கவ்ல்'. அரபியில் சொல், வாக்கு என்று பொருள். கவாலி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். நபிகள் நாயகத்தின் அரபு வாசகம் ஒன்றில் தொடங்கி, தரானா சொற்கட்டுகளில் அது இறங்கியது. மெட்டு, 1325இல் இறந்து அதே வளாகத்தில் அடக்கமான அமீர் குஸ்ரோவுடையது என்பது மரபு. சற்று நேரத்தில் மாமி என் முழங்கையை இடித்தார்.

"ஏண்டா, இது மோகனகல்யாணின்னா?"

ஏறக்குறைய அதேதான். இந்தக் கவ்லைப் பெரும்பாலும் சுத்த கல்யாணில் பாடுகிறார்கள். ஏறும்போது மோகனம், இறங்கும்போது கல்யாணி. முத்தையா பாகவதர் 'புவனேஸ்வரியா'வைப் போட்ட ராகத்துக்கு வடக்கத்தி உறவு.

அரபு வார்த்தைக்கு நம் ராகமா என்று மாமிக்கு வியப்பு. என் வியப்பு மாமியின் பாட்டு நோட்டைப் பற்றியது. விஜயநகரத்தில் ராமாமாத்யர் 1550இல் எழுதிய 'ஸ்வரமேளகலாநிதி' 20 மேளங்களைச் சொல்கிறது. அதில் ஒன்றின் பெயர் ஹெஜ்ஜுஜ்ஜி. சமஸ்கிருதத்தில் பொருள் தேடினால் கிடைக்காது. மெக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் பகுதியின் பெயரில் அரபு இசையில் ஒரு 'மகாம்' உண்டு. அதன் பெயர்தான் இங்கே இப்படித் திரிந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிற்காலப் பட்டியலில் அது 13வது மேளம், கேயஹெஜ்ஜுஜ்ஜி. சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம் என்ற அதன் முதல் நான்கு ஸ்வரங்களும் ஹிஜாஸின் அடிப்படை நான்கும் ஏறத்தாழ ஒன்று. நம் குழந்தைகள் சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளையிலும் அதே நான்குதான். (உடனே மாயாமாளவகௌளை ஒட்டகத்தில் வந்திறங்கியது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஸ்வரங்களுக்கு பாஸ்போர்ட் கிடையாது.) உசேனியின் பெயரும் ஒரு மகாமின் பெயரே. மெலட்டூர் வீரபத்ரய்யாவின் ஸ்வரஜதி அதில்தான். நவரோஜ், பாரசீகப் புத்தாண்டின் பெயர். முத்துஸ்வாமி தீட்சிதர் அதில் கணபதியைப் பாடியிருக்கிறார்.

தீட்சிதருக்கு இல்லாத சங்கடம் பின்னால் வந்தவர்களுக்கு இருந்தது. முஸ்லிம்களின் கையில்தான் வடக்கத்தி இசை சீரழிந்தது என்ற கருத்துடையவரான பி.வி. கேஸ்கர், 1952 முதல் பத்தாண்டுகள் இதே தில்லியில் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தார்.

அரபு உலகமும் இந்த விஷயத்தில் நமக்கு இளைத்ததல்ல. 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக் அனுப்பிய குழுவில், பாடகர் முகமது அல் குப்பான்ஜி முஸ்லிம். வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் யூதர்கள். 1936இல் பாக்தாத் வானொலியின் வாத்தியக் குழுவை அமைத்த சாலே, தாவூத் அல் குவைத்தி சகோதரர்களும் யூதர்களே. 1950களின் தொடக்கத்தில் அவர்கள் இஸ்ரேலுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பாட்டுகள் பாக்தாத்திலேயே தங்கின. பிறகு அவை வானொலியில் 'நாட்டுப்பாடல்' ஆயின. போட்டவர்களின் பெயர் போய்விட்டது.

தர்காவுக்குப் போய் வந்த இரண்டே மாதத்தில், நேரு பூங்காவில் டி.எம். கிருஷ்ணா கச்சேரி என்று அறிவிப்பு வந்தது. இயேசுவையும் அல்லாவையும் கர்நாடக ராகத்தில் பாடுகிறவருக்கு அரசு நிறுவனம் மேடை தருவதா என்று சமூக வலைத்தளங்களில் கூச்சல். நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டது. தில்லி அரசு முன்வந்து, நவம்பர் 17ஆம் தேதி, சாகேத் பக்கத்தில் உள்ள ஐம்புலன் பூங்காவில் அவரைப் பாட வைத்தது. மாமி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இரண்டு மாணவிகளோடு ஆட்டோவில் போய்விட்டார்.

பாட்டு எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டேன்.

"அவ்வளவு கூட்டம். பின்னாடிதான் இடம் கிடைச்சுது. பக்கத்துலயே போலீஸ்காரன் வாக்கிடாக்கி வேற கரகரன்னு," என்றார் மாமி. "ஆலாபனையே சரியாக் காதுல விழலைடா."