விலையா, முற்றுகையா?

சூடான் தேசத்தில் ஜனங்கள் பட்டினியால் மடிகிறார்கள் என்ற சேதியைப் படித்துவிட்டு, நம்மவரில் சிலர் “யுத்தமென்றால் விலைவாசி ஏறத்தானே செய்யும், யார் என்ன செய்யமுடியும்?” என்கிறார்கள். வேறு சிலர் “ஆப்பிரிக்காவென்றாலே பஞ்சந்தானே” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுகிறார்கள். இவ்விரண்டும் புரட்டுச் சமாதானம் என்றே நாம் சொல்லுவோம்.

சங்கதி இதுதான். 2023 ஏப்ரலில் அந்நாட்டு இராணுவத்துக்கும், அதிவிரைவு ஆதரவுப் படை என்னும் ஆயுதக் கூட்டத்துக்கும் யுத்தம் மூண்டது. 2024 மே முதல் டார்ஃபூரிலுள்ள எல் ஃபாஷர் நகரை அக்கூட்டம் வளைத்து நின்று, 2025 அக்டோபரில் பிடித்தது. இடையில், 2025 ஆகஸ்டில், உலக உணவுத் திட்டத்தார் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்நகரில் சோளமும் கோதுமையும் சூடானின் மற்ற இடங்களைவிட 460 சதவிகிதம் வரை அதிக விலையாம். அதாவது, மற்ற ஊரில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிற தானியத்துக்கு இங்கே ஐந்தரை ரூபாய்க்கு மேல்! வாங்க வழியற்றவர்கள் கால்நடைக்குப் போடும் கடலைப் பிண்ணாக்கைத் தின்றார்கள்.

தோழர்களே! யுத்தத்தால் வேளாண்மை கெட்டதென்றால், அது நாடு முழுவதற்கும் பொதுவல்லவா? எல் ஃபாஷருக்கு மாத்திரம் ஐந்து பங்கு விலை எங்கிருந்து வந்தது? வழியை மறித்தவனுடைய துப்பாக்கியிலிருந்து வந்தது. 2025 ஜூனில் அந்நகருக்கு உணவு கொண்டுபோன 15 லாரிகள் அல் கோமாவில் தாக்கப்பட்டு ஐந்து பேர் மாண்டார்கள். எதிர்த்தரப்பு மாத்திரம் யோக்கியமா? சாட் நாட்டிலிருந்து தானியம் வரும் அட்ரே எல்லைவழியை இராணுவத்தின் சர்க்கார் 2024 பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை மூடிவைத்திருந்தது.

தானியமே இல்லாவிட்டால்தான் ஜனங்கள் சாவார்கள் என்பதும் தப்பு. 1943-ல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோது இருந்த அரிசி, பஞ்சமில்லாத 1941-ல் இருந்ததைவிட அதிகம் என்று அமர்த்தியா சென் 1981-ல் கணக்கிட்டுக் காட்டினார். அரிசி இருந்தது, கூலிக்காரன் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. ஜப்பானியர் வந்துவிடுவார்களென்று ஆற்றுப் படகுகளை வெள்ளைக்கார சர்க்கார் பறித்துக்கொண்டதும் அந்த யுத்தத்தில்தான்.

ஆகவே “விலை ஏறிற்று” என்று எந்த யுத்தச் சேதியிலாவது கண்டால், ஏற்றினது யார் என்று கேட்கவேண்டுகிறோம். சந்தைக் கூட்டத்திலும் டீக்கடையிலும் கேளுங்கள். பெரிய சபைகள் கேட்டுக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2024 ஜூனிலேயே தீர்மானம் போட்டாயிற்று. அதற்குப் பிறகும் பதினாறு மாதம் அந்நகரத்தார் பிண்ணாக்குக்கு அலைந்தார்கள்.