ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டத் தெரிஞ்சா போதுமா?

புனேவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு வியாதி வரும். ஆபீஸ் ஆணியை நாலு நாளைக்கு ஓரங்கட்டிட்டு, பெரிய வண்டி ஒண்ணுல மெத்தை, அடுப்பு, தண்ணி கேன் எல்லாம் ஏத்திக்கிட்டு தாம்ஹிணி காட் வழியா கொங்கண் கடற்கரைக்கு இறங்கறது. கேம்பர் வேன்னு பேரு பெருசா இருக்கும். ஆனா முக்கால்வாசி பேரோடது பழைய இன்னோவா மாதிரி வண்டிதான். மூணாவது வரிசை சீட்டை ரெண்டு பக்கமும் தூக்கிக் கட்டி, நடு வரிசையை முன்னால மடிச்சு, மேல பிளைவுட் பலகை போட்டா படுக்கை ரெடி.

இதுல முதல்ல இடிக்கிறது நடு வரிசை ஹெட்ரெஸ்ட். அது இருந்தா சீட்டு முழுசா மடியாது, பலகை சமமா உட்காராது. அதனால கழட்டணும். அதைச் செய்ய மெக்கானிக் தேவையே இல்லைங்கறது என் முதல் கட்சி. கழட்டினதைத் திருப்பி மாட்டலைன்னா வண்டி எடுக்கவே கூடாதுங்கறது ரெண்டாவது கட்சி. முதல் கட்சிக்கு எல்லாரும் கை தட்டுவாங்க. ரெண்டாவதைச் சொன்னா "உனக்கு ரொம்பத்தான்"னு சிரிப்பாங்க. அந்த சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன் :-)

முதல்ல வேலை. ஹெட்ரெஸ்ட்டுக்கு ரெண்டு கம்பிக் கால் இருக்கும். அது சீட்டுக்குள்ள இறங்கற இடத்துல ரெண்டு பிளாஸ்டிக் குழல். ஒரு குழல்ல பட்டன் இருக்கும், அது உயரத்தை மாத்த. சில வண்டியில இன்னொரு குழல்லயும் ஒரு பட்டன் இருக்கும், இல்லைன்னா ஊக்கு நுழையற அளவுக்கு சின்ன ஓட்டை. ஹெட்ரெஸ்ட்டை முடிஞ்ச வரைக்கும் மேல தூக்கிட்டு, ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கிக்கிட்டே நேரா மேல இழுத்தா வந்துடும். ஒருத்தர் அமுக்க, ஒருத்தர் இழுக்கன்னு ரெண்டு பேர் இருந்தா சுலபம். கூரை இடிச்சா சீட்டுச் சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சுக்கோங்க.

வரலைன்னா ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீங்க, புண்ணியமாப் போகும். பல வருஷ தூசி இறுகியிருக்கும். கம்பியைத் துணியால துடைச்சு, இடமும் வலமுமா மெதுவா ஆட்டினா கொடுக்கும். நெம்பினா குழலோட பூட்டு உடையும். பூட்டு உடைஞ்ச ஹெட்ரெஸ்ட் பார்க்க நல்லா இருக்கும், இடி வாங்கும்போது அது இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. கம்பிக்குள்ள வயர் போகுதுன்னா தொடாம விட்டுடுங்க.

ரெண்டு பட்டன் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? உயரத்தை மாத்தறப்போ தவறி கையோட வந்துடக் கூடாது. அமெரிக்காவுல 2004-ல் வந்த விதியில இதைத் தெளிவாவே எழுதியிருக்காங்க: மேல ஏத்தறதுக்கு வேண்டிய செயல் வேற, கழட்டறதுக்குன்னு வேணும்னே செய்யற செயல் வேறயா இருக்கணும். அவ்வளவு ஜாக்கிரதையா வச்ச பூட்டைத் திறந்து எடுக்கிற பொருளை நாம பரண்ல போட்டு மறந்துடறோம்.

பேருல இருக்கற 'ரெஸ்ட்'தான் குழப்பமே. தலை சாய்ச்சுத் தூங்க வச்ச தலையணைன்னு நினைச்சுக்கறோம். அந்த விதிகள்ல 'ரெஸ்ட்'ங்கற வார்த்தையே கிடையாது, தலையைக் கட்டுப்படுத்தற பொருள்ங்கற அர்த்தத்துலதான் பேரு வச்சிருக்காங்க. முன் சீட்டுக்கு இதை 1969 ஜனவரி 1-லிருந்து அங்க கட்டாயமாக்கினது சொகுசுக்காக இல்லை, கழுத்துக்காக.

பின்னாலிருந்து ஒரு வண்டி இடிச்சா என்ன ஆகும்? சீட்டு உங்க முதுகை முன்னால தள்ளும். தலைக்கு யாரும் தகவல் சொல்லலையே, அது இருந்த இடத்துலயே நிக்கும். உடம்பு முன்னால போக, தலை பின்னால தங்க, நடுவுல கழுத்து வளையும். அப்புறம் தலை பின்னால மடங்கி, சாட்டை சொடுக்கின மாதிரி முன்னால வரும். இவ்வளவும் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சுடும். கழுத்தை விறைப்பா வச்சுக்கலாம்னு நினைக்கவே நேரம் இருக்காது. அந்த நேரத்துல தலைக்குப் பின்னால ஏதாவது இருந்தா தலையும் உடம்பும் சேர்ந்தே நகரும். ஹெட்ரெஸ்ட்டோட வேலை அது மட்டும்தான்.

"நெடுஞ்சாலையில முன்னால பார்த்துத்தானே ஓட்டறோம்"னு ஒரு பதில் வரும். உங்களுக்குப் பின்னால வர்ற லாரி டிரைவர் பார்க்கணுமே சாமி! மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. அதுல ஏறக்குறைய ஐந்துல ஒண்ணு பின்னாலிருந்து இடிச்ச வகை.

பின் சீட்டைப் பத்தி இந்த நாடு உட்கார்ந்து பேசினது எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு தடவைதான். 2022 செப்டம்பர் 4-ம் தேதி, பால்கர் பக்கம் சூர்யா ஆத்துப் பாலத்துல சைரஸ் மிஸ்திரி போன கார் மோதினப்போ. முன்னால இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க, பின்னால இருந்த ரெண்டு பேரும் இறந்தாங்க. பின்னால இருந்தவங்க பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க. அது முன்பக்க மோதல், ஹெட்ரெஸ்ட் கதை இல்லை. ஆனா பின் சீட்டுன்னா பத்திரம்னு நாம வச்சிருந்த நம்பிக்கை அன்னிக்கு ஆட்டம் கண்டது. அந்த நவம்பர்லிருந்தே பின் சீட் பெல்ட் கட்டாயம்னு மும்பை போலீஸ் அறிவிச்சாங்க. பெல்ட்டுக்கு அந்தப் பேச்சாவது கிடைச்சது. ஹெட்ரெஸ்ட்டுக்கு அதுவும் இல்லை.

நம்ம வீட்டுல பின் சீட்டுல யாரு உட்கார்றா? அம்மா, அப்பா, மாமியார், குழந்தைங்க. மரியாதைக்குரியவங்களைத்தான் பின்னால உட்கார வைக்கறோம். பாதுகாப்புல மட்டும் அவங்க கடைசி. எங்க அம்மா அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தப்போ பண்டரிபுரம் போக ஒரு வேன் வாடகைக்கு எடுத்தேன். பின்னால ஒரு சீட்டுலயும் ஹெட்ரெஸ்ட் இல்லை. கேட்டா டிரைவர், "கர் பே ரக்கா ஹை, சாப்" அப்படின்னார். புது சீட் கவர் மாட்ட இடைஞ்சலாம், வீட்டுல பத்திரமா வச்சிருக்காராம். போய் எடுத்துட்டு வரச் சொன்னேன். அம்மாவுக்கு ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானம். அந்த அம்மாவே, "எதுக்குய்யா அந்த மனுசன அலைய விடுத?"ன்னாங்க. முக்கால் மணி நேரம் தாமதமாத்தான் கிளம்பினோம். பாண்டுரங்கன் ஒண்ணும் கோவிச்சுக்கலை.

கழட்டவே கூடாதுன்னு நான் சொல்லலை. சில குழந்தை சீட்டுங்களுக்கு ஹெட்ரெஸ்ட் முட்டிக்கிட்டு நிக்கும், எடுத்துடுங்கன்னு அந்தக் கையேட்டுலயே போட்டிருப்பாங்க. படுக்கை போடவும் எடுத்துதான் ஆகணும். பின் கண்ணாடி மறைக்குதா, ஆள் இல்லாத சீட்டுல முழுக்க கீழே இறக்கி விட்டாலே போதும். ஜன்னல் கண்ணாடியை உடைச்சுத் தப்பிக்கத்தான் இதைக் கழட்டற மாதிரி செஞ்சிருக்காங்கன்னு வாட்ஸ்அப்புல ஒரு கதை சுத்துது. அதை நம்பாதீங்க. கழட்ட வசதி வச்சது சீட்டு மடிக்கறது மாதிரி வேலைக்குத்தான். கண்ணாடி உடைக்கணும்னா அதுக்குன்னு சின்ன சுத்தியல் விக்குது, வாங்கி டிரைவர் கைக்கு எட்டற இடத்துல வைங்க.

என் கணக்கு ரொம்ப எளிமை. படுக்கைன்னா வெளியே, சீட்டுன்னா உள்ளே. கழட்டினதை வீட்டுல விடாம வண்டியிலயே எடுத்துட்டுப் போகணும். அதையும் பின் கண்ணாடி ஓரமா சும்மா வைக்கக் கூடாது, பிரேக் அடிச்சா கம்பியோட பறந்து வரும். துணிப்பையில போட்டுக் கீழே கட்டி வைங்க. எது எந்த சீட்டுதுன்னு டேப் ஒட்டி எழுதிடுங்க. மாட்டும்போது கம்பியில வெட்டு இருக்கற பக்கம் பட்டன் பக்கமா வரணும். 'டக்'னு சத்தம் கேட்டதும் மேல இழுத்துப் பாருங்க, வரக் கூடாது. உயரம் உச்சந்தலைக்குச் சமமா இருந்தா நல்லது, காதுக்குக் கீழே போகவே கூடாது. தலைக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

எங்க வீட்டுல தங்கமணி இப்ப கேட்டைச் சாத்தினியா, கேஸை மூடினியான்னு கேக்கறதோட "நாலும் மாட்டியாச்சா?"ன்னும் கேக்கறாங்க. வேன் வாடகைக்கு எடுக்கறவங்க ஏசி இருக்கா, பாட்டு இருக்கான்னு கேக்கறப்போ இதையும் ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு அவங்களே மாட்டி வச்சிருப்பாங்க.

டிஸ்கி: படுக்கை போடறேன்னு சீட்டை அறுக்கறது, தரையில துளை போட்டு கட்டில் பொருத்தறது எல்லாம் வேற கதை. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தோட 182ஏ பிரிவுல, அனுமதியில்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லை ரெண்டுமேன்னு இருக்கு. முறையான கேம்பர் வேனுக்கு ஏஐஎஸ்-124ன்னு தனி விதிமுறையே உண்டு. பலகையைத் தூக்கி வச்சுத் தூக்கி எடுக்கற மாதிரி வச்சுக்கிட்டா தூக்கம் நல்லா வரும்!